குடை ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

நோட்டீஸில் என் பெயர் இல்லை. எங்கள் பகுதிக் கலை மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு ரோஸ் நிறத் தாளில் அடித்த நோட்டீஸ் அது. பிற்பகல் மூன்று மணிக்குச் சிறப்புப் பட்டிமன்றம் என்று போட்டு, பேசப்போகும் ஆறு பேரில் ஐந்து பேருக்குப் பெயர், படிப்பு, தொழில் எல்லாம் விலாவாரியாகக் கொடுத்திருந்தார்கள். ஆறாவது இடத்தில் என் கணவரின் பெயரே மறுபடியும் வந்தது. அதன் பின்னால் ‘அவர்களின் துணைவியார்’ என்று ஒரு வால். பன்னிரண்டு வருடமாக நான் கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு எந்தக் கையில் நரம்பு சட்டென்று கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். நோட்டீஸ் அடித்த செயலாளரின் சர்க்கரை அளவு எனக்கு மனப்பாடம். இருந்தாலும் துணைவியார்.

தலைப்பு: ‘விஞ்சி நிற்பது இரண்டாம் ஆல்பமா, ஆறாம் ஆல்பமா?’ நோட்டீஸைப் படித்த எதிர்வீட்டு அக்கா, கல்யாண ஆல்பத்துக்கெல்லாமா பட்டிமன்றம் வைக்கிறார்கள் என்று கேட்டாள். இல்லை, இங்கிலாந்துக்காரப் பாட்டுக் குழு ஒன்றின் ஆல்பங்கள் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“உனக்க மாப்பிள்ளைக்க கிறுக்கு உனக்கும் பிடிச்சாச்சா?”

இந்தக் கேள்விதான் என் ஆத்திரத்துக்குக் காரணம். வருடக்கணக்காக இதை வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டுவிட்டேன். கிறுக்கு என்னுடையது. அவருக்கு அதைக் கொடுத்தவள் நான். ஊர் இதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அந்த விழாவில் எனக்கு வேறு எந்த அக்கறையும் இருக்கவில்லை.

குழுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் ஏதாவது ஒரு கட்சியில் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். நாலு பேர், ஒன்பது ஆல்பம், பிறகு ஆளுக்கொரு திசை. அவ்வளவு தெரிந்தால் போதும். எங்கள் பக்கத்து ரசிகர்கள் ஆல்பங்களை அவற்றின் ஆங்கிலப் பெயரால் சொல்வதில்லை. அட்டைப் படத்தை வைத்துச் சொல்வார்கள். இரண்டாவது ஆல்பத்தின் அட்டையில் ஒரு ரயில் பெட்டி, அது ‘ரயில்’. ஆறாவதில் மழையே இல்லாத தெருவில் ஒருவர் குடை பிடித்து நிற்பார், அது ‘குடை’. ரயில் முழுக்க வேகம், டிரம், எல்லோரும் சேர்ந்து கத்திப் பாடுகிற வரிகள். குடையில் பியானோவும் ஒரு தளர்ந்த குரலும் மட்டும்தான் பெரும்பாலும். உலகம் முழுக்க ரசிகர்கள் ரயிலைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், குடையைத் திட்டுகிறார்கள். எங்கள் ஊர்ப் பல் டாக்டர் அந்தக் கட்சியின் தலைவர். குடையைக் கேட்டால் ஈறில் மரத்துப்போகிற ஊசி போட்ட மாதிரி இருக்கிறது என்பார். மூன்றாவது பாட்டுக்கு மேல் தான் அதைக் கேட்டதே இல்லை என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

குடைக்காகப் பேசுகிற ஒரே ஆள் என்று கருங்கல் முதல் மார்த்தாண்டம் வரை பெயர் வாங்கியவர் என் கணவர்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயதில், என் அம்மாவின் தம்பி கல்ஃபிலிருந்து வந்தார். அங்கே ஓர் ஆங்கிலேய என்ஜினியரின் வீட்டில் அவர் டிரைவர். அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது வேண்டாம் என்று விட்டுப்போன ஓர் அட்டைப்பெட்டி கேசட்டை, எறிய மனம் வராமல், அப்படியே கட்டிக் கொண்டுவந்துவிட்டார். என் பிறந்த வீடு நாஞ்சில் நாட்டு வயல்காட்டு ஊரில். வீட்டில் தேவாரமும் ரேடியோ செய்தியும் தவிர வேறு சத்தம் கேட்காது. அந்தப் பெட்டியை யாரும் சீண்டவில்லை. நான் சீண்டினேன். வார்த்தைகள் முதலில் புரியவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பிடித்தேன். அப்பா வயலுக்குப் போகிற நேரமெல்லாம் எனக்கு அந்தக் குழுதான். ஒரு வருடத்தில் ஒன்பது ஆல்பத்தையும் நானே தரம் பிரித்து, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் காரணங்களோடு எழுதிவைத்தேன். முதலிடம் குடைக்கு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க அந்த ஊரில் அதைக் கேட்டவர்கள் யாருமில்லை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், கல்யாணம் ஆகி நாற்பத்தோராம் நாள் என் கணவர் கல்ஃபுக்குப் புறப்பட்டார். அதற்குள் என் பெட்டியைத் திறந்து கேட்கத் தொடங்கியிருந்தார். போகும்போது பாதி கேசட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார். மாமியாரின் கால்வலி, ரேஷன் கார்டு, பிறகு மகளின் பல் என்று எல்லாம் பேசி முடித்து, கடைசியில் பாட்டுக்கு வருவார்.

“ஏட்டி, எனக்க ரூம்ல ஒருத்தன் குடையைக் கேட்டா உறக்கம் வருகுண்ணு சொல்லுகான். நான் என்ன சொல்லட்டு?”

நான் சொல்லிக்கொடுப்பேன். ரயிலில் அவர்கள் நமக்காகப் பாடுகிறார்கள். குடையில் அவர்கள் தங்களுக்குள் பாடிக்கொள்வது நம் காதில் விழுந்துவிடுகிறது. இது நான் சொன்னது. அடுத்த வெள்ளிக்கிழமை, “உனக்க வாசகத்தச் சொன்னேன், அவன் வாயடைச்சுப் போனான்” என்று சிரிப்பார். உனக்க வாசகம் என்றுதான் அப்போது சொன்னார்.

எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து எலக்ட்ரிக்கல் கடை போட்டார். பல் டாக்டரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து ஒரு கூட்டம் உண்டானது. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, எங்கள் வீட்டு ஹாலில். எந்த ஆல்பம் உசத்தி, எந்தப் பாட்டு தண்டம், பிரிந்துபோனதற்கு யார் காரணம் என்று தொண்டை கிழியப் பேசுவார்கள். நான் அடுப்படியில் டீ கலந்துகொண்டு, என் வாசகங்கள் ஒவ்வொன்றாக ஹாலில் இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், என் பிள்ளையை ஊர் மெச்சுகிற மாதிரி இருந்தது. ஒரு நாள் டீத் தட்டோடு போய் நின்றபோது, நாலாவது ஆல்பத்தைப் பற்றி என்னையறியாமல் ஒரு வார்த்தை சொன்னேன். பல் டாக்டர் தலையை ஆட்டி ரசித்துவிட்டுச் சொன்னார்:

“அண்ணன் நல்ல டிரெயினிங் குடுத்திருக்காரே!”

என் கணவர் சிரித்தார். மறுக்கவில்லை, வெறுமனே சிரித்தார். தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை. அன்றே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருக்கலாம்தான். நாலு பேர் முன்னால் மாப்பிள்ளையை மட்டம் தட்டினாள் என்ற பேச்சுக்குப் பயந்தேன். அந்தப் பயத்தோடு எத்தனையோ இரண்டாவது ஞாயிறுகள் போய்விட்டன.

செயலாளர் லேபுக்குச் சர்க்கரை பார்க்க வந்த அன்று, நான் அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் விஷயத்தை எடுத்தார். வழக்கமாக நாகர்கோவிலிலிருந்து வருகிற பட்டிமன்றக் குழு இந்த முறை வரவில்லையாம். மாமியாரா மருமகளா என்று கேட்டு ஊருக்கும் சலித்துவிட்டதாம். நம் ஊர் ரசிகர்களையே மேடை ஏற்றினால் என்ன என்று தோன்றியதாம்.

“அக்கா, நீங்க ரயில் பக்கம் பேசணும்.”

“நான் குடைக்க ஆளு.”

“குடைக்கு அண்ணன் இருக்காருல்லா. மாப்பிள்ளையும் பெண்டாட்டியும் ஒரே பக்கம் இருந்தா பட்டிமன்றத்துல என்ன ரசம் இருக்கு? எதிரெதிரா நிண்ணாத்தான் கூட்டம் வரும்.”

இது எங்கள் பக்கத்துப் பட்டிமன்றங்களில் எழுதப்படாத சட்டம். கணவன் மனைவி என்றால் எதிர் அணிதான். யார் எதை நம்புகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஊசியைக் குத்தியபடியே சரி என்றேன். நான் வெறுக்கிற ஆல்பத்துக்காக, நான் உயிராக நினைக்கிற ஆல்பத்தை எதிர்த்துப் பேச ஒப்புக்கொண்டேன். ஒரே காரணம், மைக். கையில் மைக் வந்துவிட்டால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் என் கணவர் நோட்டும் பேனாவுமாக என்னிடமே வந்து உட்கார்ந்தார். நான் எதிரணி என்பதே அவருக்கு உறைக்கவில்லை.

“ஒரு நாலு பாயிண்ட் சொல்லு.”

மூன்று சொன்னேன். நாலாவதை அவரே எழுதிக்கொண்டார்: கடைசிப் பாட்டு. எங்கள் கூட்டத்தில் அவர் அடிக்கடி எடுத்துவிடுகிற, எல்லோருக்கும் பழக்கமான வாதம் அது. நான் பதினேழு வயதில் நோட்டின் பின்பக்கத்தில் எழுதியது.

குடையின் கடைசிப் பாட்டில் ஒருவன் தன்னைவிட்டுப் போனவளின் வீட்டு வாசலில் நிற்கிறான். கதவைத் தட்டலாமா என்று யோசிக்கிறான். கையைத் தூக்குகிறான். அந்த இடத்தில், ஒரு வார்த்தையின் பாதியில், பாட்டு நின்றுவிடும். இசையும் நின்றுவிடும். கதவு திறந்ததா என்று தெரியாது. இப்படி முடிக்கத் துணிந்தவர்கள் வேறு யாரும் இல்லை, இதற்காகவே இந்த ஆல்பத்துக்கு முதலிடம் என்று எழுதினேன். என் கணவர் அதை வார்த்தை மாறாமல் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார்.

ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை.

என்ஜினியரின் வீட்டில் யாரோ அறுபத்திரண்டு நிமிட ஆல்பத்தை அறுபது நிமிட கேசட்டில் பதிந்துவைத்திருக்கிறார்கள். நாடா தீர்ந்துபோனதால் பாட்டு நின்றிருக்கிறது. கல்ஃபில் என் கணவர் மற்ற ஆல்பங்களைப் புதிதாக வாங்கினார். குடை கைவசம் இருந்ததால் வாங்கவில்லை. பின்னாளில் அந்த கேசட்டைத்தான் பென் டிரைவுக்கு மாற்றிக் கடையிலும் காரிலும் போடுவார். எதிர்க்கட்சிக்காரர்களோ குடையைக் கடைசிவரை கேட்டதே இல்லை. அதனால் எங்கள் ஊரில் மட்டும் அந்தப் பாட்டு வருடக்கணக்காக வாசலிலேயே நின்றது.

எனக்கு உண்மை தெரிந்தது இரண்டு வருடம் முன்னால். மகள் என் போனில் பாட்டுக் கேட்கிற வசதி ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். லேபில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடையைக் கேட்டேன். அந்த இடம் வந்தது, பாட்டு நிற்கவில்லை. கதவு திறந்தது. அவள் சிரித்தாள். அதன் பிறகு இரண்டு நிமிடம் லாலா லாலா என்று கைதட்டிப் பாடி, மெல்லத் தேய்ந்து ஓய்ந்தது. சோற்றை மூடிவைத்தேன். வேறு பதிப்பு எதுவும் இருக்குமோ என்று தேடினேன். எல்லாவற்றிலும் அந்த லாலாதான். மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தேன்: தப்பு அவர்களுடையது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியவில்லை அவர்களுக்கு. எங்கள் கேசட்டுக்குத் தெரிந்திருந்தது.

இதைக் கணவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. நோட்டில் நாலாவது பாயிண்டை எழுதும்போது சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை. அதை மறைக்கவோ நியாயப்படுத்தவோ போவதில்லை. பல் டாக்டர் இந்த முறை தயாரிப்புக்காக முழு ஆல்பத்தையும் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். மேடையில் என் கணவர் விழட்டும் என்றுதான் நினைத்தேன்.

விழா அன்று வானம் மூடிக்கொண்டிருந்தது. மன்றத்து மைதானத்தில் தகரப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். பரிசளிப்புக்கும் பிள்ளைகளின் டான்ஸுக்கும் இடம்பிடிக்க வந்த கூட்டம், போகிறபோக்கில் எங்களையும் கேட்க உட்கார்ந்திருந்தது. நடுவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். அந்தக் குழுவை அவர் கேட்டதே இல்லை. செயலாளர் கொடுத்த பாட்டுகளை ஒரு வாரமாகக் காரில் போட்டுக் கேட்டதாகவும், களியக்காவிளை போய்வருவதற்குள் தலைவலி வந்துவிட்டதாகவும் சொல்லித் தொடங்கினார். கூட்டம் சிரித்தது. நல்ல தொடக்கம்தான்.

ஆள் கணக்குக்காகச் செயலாளர் குடைப் பக்கம் உட்காரவைத்த இருவரும், ரயில் பக்கத்தில் ஒருவரும் பேசி முடித்தபின் என் கணவர் எழுந்தார். நன்றாகப் பேசினார். அதை நான் ஒளிக்கமாட்டேன். ஆங்கிலப் பாட்டே கேட்டிராத பெண்கள்கூட, அவர்கள் தங்களுக்குள் பாடிக்கொள்வது நம் காதில் விழுகிறது என்ற இடத்தில் கைதட்டினார்கள். நான் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து என் வாசகத்துக்கு விழுந்த கைதட்டலைக் கேட்டேன். அடுத்து கடைசிப் பாட்டுக்கு வந்தார். வாசல், தூக்கிய கை, பாதி வார்த்தை. “அங்க நிப்பாட்டினான் பாத்தியளா, அவன் கலைஞன்!” என்று முடித்தார். பெரிய கைதட்டல்.

பல் டாக்டர் எழுந்தார். போனை எடுத்து மைக்கில் வைத்தார். வாசல் வந்தது, கை வந்தது, பாதி வார்த்தை வந்தது, மீதிப் பாதியும் வந்தது. கதவு திறந்து, சிரிப்பு கேட்டு, லாலா லாலா என்று பந்தல் முழுக்க நிறைந்தது. டாக்டர் தாளத்துக்குத் தலையை ஆட்டினார். முன்வரிசைப் பிள்ளைகள் கூடவே கைதட்டிப் பாடின.

“அண்ணாச்சி, கலைஞன் நிப்பாட்டல்ல. உங்க கேசட்டுதான் தீந்து போச்சு!”

பந்தலே குலுங்கியது. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்து சிரித்தார். இத்தனை வருடமாக ஒரே பொய்யை விற்றிருக்கிறார் என்று டாக்டர் இன்னும் ஏதேதோ சொன்னார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. மேடையின் இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றுமில்லை. நான் என்ன சொல்லட்டு என்ற பார்வை. நான் காத்திருந்தது இந்த நிமிடத்துக்குத்தான், ஆனால் எனக்கு இனிக்கவில்லை. அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து. நான் எழுதியதைப் பார்த்து. யாருக்கும் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

நடுவர் என்னை அழைத்தார், அண்ணாச்சியின் துணைவியார் என்று. மைக்கைப் பிடித்தேன்.

“அந்தத் தப்பு எனக்கது,” என்றேன்.

சிரிப்பு இன்னும் ஓயவில்லை. மறுபடியும் சொன்னேன். “அந்தத் தப்பு எனக்கது. கேசட்டு எனக்கது, எனக்க மாமா கொண்டுவந்தது. அதுல பாட்டு முடிஞ்சுபோச்சுண்ணு எழுதினவ நான். அப்பம் எனக்குப் பதினேழு வயசு. இவரு அந்தக் குழுவுக்க பேரைக் கேட்டதே எனக்கக் கல்யாணத்துக்குப் பொறவு. இப்பம் இவரு பேசின ஒவ்வொரு வாசகமும் நான் சொல்லிக் குடுத்தது. கை தட்டினியள்ளா, அதும் எனக்குள்ளது. சிரிச்சியள்ளா, அதும் எனக்குள்ளதுதான். ரெண்டையும் நான் எடுத்துக்கிடுகேன்.”

பல் டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

“அக்கா, நீங்க நம்ம பக்கமில்லா! ரயிலப் பத்திப் பேசுங்க.”

“பக்கம் நீங்க பிரிச்சது டாக்டரே. எங்கிட்டக் கேட்டா பிரிச்சிய? ரயிலு திருவிழா மேளம். நல்லாத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்தா மறந்துபோவும். இனி அந்தக் கடைசிப் பாட்டு. அது கேசட்டு தீந்த எடத்துலதான் முடியணும். அதுக்குப் பொறவு உள்ள ரெண்டு நிமிஷம் அந்த நாலு பேருக்கும் புத்தி மங்கிப் பாடினது. கதவு திறந்து, அவ சிரிச்சு, லாலா பாடணுமா? ஆருக்க வாழ்க்கையில அப்பிடி நடந்திருக்கு? உங்களுக்கு நடந்திருக்கா?”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், “எங்க நடந்து!” என்றது. பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. நடுவர் மணியடித்தார். நான் நிறுத்தவில்லை. மூன்றாவது மணிக்குப் பிறகும் பேசினேன். பியானோவைப் பற்றி, அந்தத் தளர்ந்த குரலைப் பற்றி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தேடிய வார்த்தைகளைப் பற்றி. யாருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. சொல்லவேண்டியதை முழுதும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தீர்ப்பு நீங்கள் ஊகித்ததுதான். ரயிலும் குடையும் இசை என்னும் முகத்தின் இரண்டு கண்கள் என்றார் நடுவர். முப்பது வருடமாக எல்லாத் தலைப்புக்கும் அவர் கொடுக்கிற தீர்ப்பு அது. அதோடு விட்டிருக்கலாம். “இந்தச் சகோதரிக்கு இவ்வளவு அருமையான ரசனையை ஊட்டி வளர்த்த அன்புக் கணவரைப் பாராட்டுகிறேன்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். மைக் இல்லை, தேவையும் இல்லை.

“ஐயா, நான் இவ்வளவு நேரம் என்ன பேசினேன்? நீங்க எங்க இருந்திய?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ பேச்சு வாக்கில் வந்துவிட்டது என்றார். திருத்திச் சொல்லுங்கள் என்றேன். செயலாளர் என் பக்கம் ஓடிவந்து, விடுங்க அக்கா, டான்ஸுக்கு நேரமாயிட்டு என்று கையைப் பிசைந்தார். நடுவர் திருத்திச் சொல்லும்வரை நான் உட்காரவில்லை. திருத்திச் சொன்னார். குரல் இறங்கித்தான் சொன்னார், ஆனால் மைக்கில் சொன்னார்.

வெளியே வரும்போது தூறல். காரில் ஏறியதும் என் கணவர் பென் டிரைவைப் பிடுங்கி டேஷ்போர்டில் போட்டார். சந்தை முக்கு வந்ததும் சொன்னார்:

“வீட்டுல வச்சு சொல்லியிருக்கலாம்லா.”

“வீட்டுல வச்சுதான் இருபத்திரண்டு வருஷமா சொல்லுகேன்.”

கேசட் விஷயம் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததை நானே ஒப்புக்கொண்டேன். “மேடையில உனக்க முகத்தப் பாத்தப்பமே தெரிஞ்சு” என்றார். முன்னால் ஒரு லாரி திரும்புவதற்காக நின்றோம். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

“ஒண்ணு சொன்னா சண்டைக்கு வரமாட்டியே? எனக்கு ரயிலுதான் இஷ்டம்.”

“என்னது?”

“கல்ஃபுல வச்சே. முதல் லீவுக்கு வாறப்பமே.”

“பின்ன எதுக்குக் குடைக்கு இவ்வளவு காலம் தொண்டையக் கிழிச்சிய?”

“நீ சொல்லித் தந்தது கேக்க நல்லா இருந்து. ரயிலப் பத்திச் சொல்ல எனக்கக் கையில சொந்தமா ஒரு வாசகமும் இல்லியே.”

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் சொத்தை எடுத்துக்கொண்டார் என்று நான் எரிந்துகொண்டிருந்த அத்தனை வருடமும், இந்த மனுஷன் தனக்குப் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வகையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். பாவம் என்று தோன்றியது. அதைவிடக் கோபம் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

“இப்பம் சொல்லுங்க. ஏன் ரயிலு? நான் சொல்லித் தரமாட்டேன்.”

அவர் திணறினார். இரண்டு முறை தொடங்கி விட்டுவிட்டார். பிறகு ஸ்டியரிங்கில் விரலால் மெதுவாகத் தட்டிக் காட்டினார்.

“முதல் பாட்டுல டிரம்மு மட்டும் தனியா அடிப்பான்லா… லீவுக்குப் பொறப்பட்டு ஃபிளைட்டுல இருப்பேன். அது ரன்வேயில ஓடத் தொடங்குமே, அப்பம் எனக்க நெஞ்சுக்குள்ள அடிக்கும் பாரு. அதுதான். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல்ல.”

அது என் வாசகம் இல்லை. நான் யோசித்திருந்தாலும் எனக்கு வந்திருக்காது. எட்டு வருடம் அந்த விமானம் வந்து இறங்குவதற்காக இந்தப் பக்கம் காத்திருந்தவள் நான். அது புறப்படும்போது என்ன சத்தம் என்பது எனக்குத் தெரியாது. கண் கலங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

“நல்லா இருக்கு,” என்றேன். “ஆனா தப்பு. அந்த ஒரு பாட்டுக்காக முழு ஆல்பத்தையும் தூக்கிப் பிடிக்கப்பிடாது.”

“முழு ஆல்பமும் நல்லதுதான்,” என்றார் அவர்.

“அஞ்சாவது பாட்டு?”

“அதும் நல்லதுதான்.”

“அஞ்சாவது பாட்டு நல்லதா? காது இருக்கா உங்களுக்கு?”

அவர் வண்டியை எடுத்தார். இந்த முறை அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீடுவரை சண்டை போட்டுக்கொண்டே போனோம்.